'ஆர்' விகுதி எங்கே போகிறது? பிறரைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவோருக்கு ஒரு விளக்கம்

காரைக்குடி வட்டாரத்துப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்றால் கொடுக்கப்படும் தலைப்புகள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, இங்கே கல்லூரி கட்டிய வள்ளல் அழகப்பர். மற்றொன்று, 'உங்கள் வீட்டில் நீங்கள் மிகவும் மதிக்கும் ஒருவர்'. இரண்டுமே மாணவர்களுக்கு நன்கு தெரிந்த செய்திகள்தாம். ஆயினும் தன்னைப் பற்றி ஐந்து நிமிடம் தடையின்றிப் பேசிவிடுகிற மாணவரே, பிறரைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் மூன்றாவது வாக்கியத்தில் தடுமாறுகிறார். மாலை வகுப்புகளில் பல ஆண்டுகளாக இதைக் கண்டு வருகிறேன். சொல்வளம் போதாது என்றும், மேடைக் கூச்சம் என்றும் இதற்குக் காரணம் சொல்வார்கள். நான் அப்படிக் கருதவில்லை. 'நான்' என்று பேசும்வரை தமிழும் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே வழியில் செல்கின்றன. 'அவர்' என்று பேசத் தொடங்கியதும் வழி பிரிகிறது. அது பிரியும் இடம் வினைமுற்றின் கடைசி எழுத்துகள்.

'வந்தார்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். அதன் பகுதி செயலைச் சொல்கிறது. இடைநிலை, அது நடந்து முடிந்த செயல் என்று காட்டுகிறது. இறுதியில் நிற்கும் 'ஆர்' என்ற விகுதியோ ஒரே நேரத்தில் மூன்று பொறுப்புகளைச் சுமக்கிறது: பேசப்படுபவர் படர்க்கையில் இருப்பவர், அவர் உயர்திணை, பேசுபவருக்கு அவர்மேல் மதிப்பு உண்டு. எழுவாயை விட்டுவிட்டு 'வந்தார்' என்று மட்டும் சொன்னாலும் கேட்பவருக்கு இவ்வளவும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு நேரான 'கேம்' என்ற சொல்லில் செயலும் காலமும் மட்டுமே உண்டு. வந்தது ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, மாடா மழையா என்று அந்தச் சொல் தெரிவிப்பதில்லை. எனவே 'ஆர்' சுமந்த ஒவ்வொரு பொறுப்பும் ஆங்கில வாக்கியத்தில் வேறு எங்கே இறக்கி வைக்கப்படுகிறது என்பதை அறிந்துகொண்டால், படர்க்கைப் பேச்சின் பிழைகளில் பெரும்பகுதி தானே நீங்கிவிடும்.

முதலில் எழுவாய். '1909இல் கோட்டையூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். லண்டன் சென்று பாரிஸ்டர் ஆனார்' என்று அழகப்பரைப் பற்றித் தமிழில் சொல்லும்போது ஒருமுறைகூட 'அவர்' என்ற சொல் தேவைப்படவில்லை. இதே பழக்கத்தில் 'ஸ்டடீட் இன் மெட்ராஸ், வென்ட் டு லண்டன்' என்று தனித்தனி வாக்கியங்களாகச் சொன்னால், ஆங்கிலக் காதுக்கு அவை தலையில்லாத உடல்களாகத் தோன்றும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ஹீ' வேண்டும். திரும்பத் திரும்ப 'ஹீ' என்று சொல்வது சலிப்பூட்டாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். சலிப்பூட்டாது, நம்முடைய 'ஆர்' திரும்பத் திரும்ப வருவதை நாம் கவனிக்காதது போலவே அவர்கள் 'ஹீ' வருவதைக் கவனிப்பதில்லை. குறைக்க வேண்டுமென்றால் 'ஹீ ஸ்டடீட் இன் மெட்ராஸ், வென்ட் டு லண்டன் அண்ட் பிகேம் எ பாரிஸ்டர்' என்று ஒரே எழுவாயின்கீழ் மூன்று வினைகளையும் கோத்துவிடலாம்.

அடுத்தது பால். தமிழில் 'அவன்', 'அவள்' என்ற பிரிவு உண்டு. ஆனால் மதிப்பு வந்ததும் அந்தப் பிரிவு மறைந்து இருவரும் 'அவர்' ஆகிவிடுகிறார்கள். செட்டிநாட்டுப் பேச்சிலோ 'அவுக வந்தாக' என்பது தாத்தாவுக்கும் பொருந்தும், பாட்டிக்கும் பொருந்தும், விருந்துக்கு வந்த பத்துப் பேருக்கும் பொருந்தும். தம்பியைப் பற்றிப் பேசும்போது 'ஷீ' என்று யாரும் சொல்வதில்லை. தாயைப் பற்றியோ தலைமையாசிரியையைப் பற்றியோ பேசும்போதுதான் திடீரென்று 'ஹீ' வந்து விழுகிறது. மனத்துக்குள் ஓடுவது 'அவர்' என்ற பாலற்ற சொல்; அதை மொழிபெயர்க்கும் அவசரத்தில் வாய்க்கு முதலில் வருவது 'ஹீ'. இதற்கு நான் சொல்லும் வழி எளியது. பேசத் தொடங்குவதற்கு முன், பேசப்படுபவரின் முகத்தை ஒரு கணம் மனத்தில் நிறுத்திக்கொண்டு 'ஷீ, ஹர், ஹர்செல்ஃப்' என்றோ 'ஹீ, ஹிஸ், ஹிம்செல்ஃப்' என்றோ ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். பேச்சு முடியும்வரை அந்த வரிசையை விட்டு இறங்கக் கூடாது.

இதே 'அவுக' இன்னொரு பிழைக்கும் வேராகிறது. 'ஐயா வந்தாக' என்று வீட்டில் பேசி வளர்ந்த பிள்ளைக்கு மதிப்பும் பன்மையும் ஒன்றே. ஆகவே 'மை கிராண்ட்ஃபாதர் ஆர் எ மெர்ச்சன்ட்' என்று, மரியாதைக்காகவே வினையைப் பன்மையாக்கிவிடுகிறார். ஆங்கிலம் இந்த வழியை அறியாத மொழியன்று. ஒரு காலத்தில் முன்னிலையில் 'தவ்' என்பது ஒருமையாகவும் 'யூ' என்பது பன்மையாகவும் இருந்தன. நாம் 'நீங்கள்' என்று சொல்வதுபோல மதிப்புக்குரிய ஒருவரையும் 'யூ' என்றே அழைத்தார்கள். காலப்போக்கில் 'யூ' எல்லாருக்கும் பொதுவாகி, 'தவ்' வழக்கொழிந்தது. ஆனால் படர்க்கையில் அத்தகைய மரியாதைப் பன்மை ஆங்கிலத்தில் நிலைபெறவே இல்லை. ஒருவர் எவ்வளவு பெரியவராயினும் அவர் 'ஹீ' அல்லது 'ஷீ' மட்டுமே. வினையும் ஒருமை மட்டுமே. பால் தெரியாத ஒருவரையோ, 'ஹீ', 'ஷீ' இரண்டையும் விரும்பாத ஒருவரையோ 'தே' என்று சொல்லும் வழக்கு உண்டு. அப்போது வினை 'ஆர்', 'ஹேவ்' என்று பன்மையில் வரும். அது பாலைச் சுட்டாமல் விடுவதற்கான வழியே தவிர, மதிப்புக்குரியது அன்று. எனவே அப்பத்தாவை 'தே' என்று சொன்னால் கேட்பவர் பல பேரைத் தேடுவார்.

அப்படியானால் மதிப்பு எங்கே போகிறது? இந்தக் கேள்வியைப் பல மாணவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் அவர்களுடைய தயக்கத்தில் அது இருக்கிறது. பெரியவரை வெறும் 'ஹீ' என்று சொல்வது அவர்களுக்கு 'அவன்' என்று சொல்வதுபோல நாக்கில் கூசுகிறது. இந்தக் கூச்சத்தை நான் குறையாகக் கருதவில்லை. அது நல்ல வளர்ப்பின் அடையாளம். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது, 'ஹீ' என்பது 'அவன்' அன்று, 'அவர்' அன்று. மதிப்பும் அவமதிப்பும் ஏறாத வெறும் சுட்டு என்பதே. ஆங்கிலத்தில் மதிப்பு பெயரிலும், பட்டத்திலும், எதைத் தேர்ந்தெடுத்துச் சொல்கிறோம் என்பதிலும் தங்குகிறது.

பெயரை எடுத்துக்கொள்வோம். செட்டிநாட்டுத் தலைப்பெழுத்துகள் பிற ஊராருக்கு எளிதில் புரிவதில்லை. அழகப்பரின் பெயருக்கு முன்னால் வரும் 'ஆர்எம்' இரண்டு பெயர்களின் முதலெழுத்துகள் அல்ல. இராமநாதன் என்ற தந்தை பெயர் ஒன்றின் சுருக்கம். ஆங்கிலத்தில் பேசும்போது முதல் வாக்கியத்தில் முழுப் பெயரைச் சொல்லி, அடுத்த வாக்கியத்தில் எந்தப் பெயரால் அவரைக் குறிக்கப் போகிறோம் என்று தெரிவித்துவிடுவது நல்லது: 'இன் அவர் டவுன் பீப்பிள் கால் ஹிம் அழகப்பர்.' இதில் ஒரு நயம் இருக்கிறது. 'அழகப்பன்' என்ற பெயர் 'அழகப்பர்' ஆகும்போது, வினையில் இடம் கிடைக்காத மதிப்பு விகுதி பெயருக்குள்ளேயே வந்து அமர்ந்துவிடுகிறது. அதை ஆங்கில வாக்கியத்திலும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். எந்த இலக்கணமும் தடுக்காது. 'மிஸ்டர்' போன்ற அடைகள் வாழ்பவர்க்கே பொருந்தும். வரலாற்றில் இடம்பெற்றுவிட்டவர்களுக்குப் பெயர் மட்டுமே போதும். 'சர்' என்ற பட்டம் ஒருவரின் சொந்தப் பெயருக்கு முன்னால் வருவது. நாம் ஆசிரியர் பெயருக்குப் பின்னால் சேர்க்கிற 'சார்' ஆங்கில வழக்கு அன்று. ஆங்கில அரசு தந்த 'சர்' பட்டத்தை, நாடு விடுதலை பெற்றதும் அழகப்பர் துறந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவரைப் புகழ்வதாக எண்ணி ஒவ்வொரு வாக்கியத்திலும் 'சர் அழகப்பா' என்று சொல்வது, அவரே கழற்றி வைத்ததை மீண்டும் அவர் தோளில் போடுவதாகும்.

'வள்ளல்' என்ற சொல்லுக்கு 'ஃபிலாந்த்ரபிஸ்ட்' என்ற நேர்ச்சொல் உண்டு. ஆனால் மேடையில் பாதிப் பேருக்கு அது உச்சரிப்பில் சிக்குகிறது. அதைவிட, அவர் என்ன கொடுத்தார் என்று சொல்வதே மதிப்பு. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடிக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இந்த மூன்று செய்திகளையும் மூன்று சிறு வாக்கியங்களில், ஒரே ஒரு 'கேவ்' என்ற வினையோடு தொடங்கிச் சொல்லும் மாணவர், 'கிரேட்', 'வெரி கிரேட்' என்று பத்துமுறை சொல்பவரைவிட அவரை உயர்த்திக் காட்டுகிறார்.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது பெயரைவிட உறவுமுறையே முதலில் வரும். இங்கே ஆங்கிலம் நம்மைவிட மிகவும் ஏழை. தந்தையின் தாய் அப்பத்தா, தாயின் தாய் ஆயா என்று நாம் பிரித்துச் சொல்வதை ஆங்கிலம் 'கிராண்ட்மதர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் 'அங்கிள்'. நகரத்தார் வீடுகளில் அக்காளை ஆச்சி என்று அழைப்பதை அப்படியே சொன்னால், வெளியூர்த் தமிழரே பாட்டி என்று எண்ணக்கூடும். எனவே உறவைச் சொல்லாக அல்லாமல் வழியாகச் சொல்ல வேண்டும்: 'மை ஃபாதர்ஸ் மதர்', 'மை மதர்ஸ் எல்டர் பிரதர்'. ஒருமுறை இப்படி விளக்கிவிட்டுப் பிறகு 'வீ கால் ஹர் அப்பத்தா' என்று சொல்லி, பேச்சு முழுவதும் 'அப்பத்தா' என்றே குறிப்பிடுவதை நான் ஊக்குவிக்கிறேன். 'கசின் பிரதர்', 'கோ-பிரதர்' என்று நம் நாட்டில் வழங்குபவை நமக்குள் புரியும். வெளிநாட்டார் அவையில் 'கசின்' என்றும் 'மை வைஃப்ஸ் சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட்' என்றும் சொல்வதே தெளிவு.

நிகழ்கால வினையின் இறுதியில் சேரும் 'ஸ்' பற்றி எல்லாப் பாடநூல்களும் சொல்லிவிடுகின்றன. எனவே சுருக்கமாகக் கடக்கிறேன். 'ஐ லிவ்', 'ஷீ லிவ்ஸ்'. நம் 'ஆர்' விகுதிக்கு ஆங்கிலத்தில் எஞ்சியிருக்கும் ஒரே உறவினர் இந்த ஒற்றெழுத்துதான் என்று நினைத்துக்கொண்டால் அதை விடத் தோன்றாது. 'டஸ் நாட்' வந்துவிட்டால் அந்த 'ஸ்' அங்கேயே சேர்ந்துவிடுவதால் வினைக்கு மீண்டும் வேண்டியதில்லை. 'ஷீ டஸ் நாட் ஈட்ஸ்' என்பது ஒரே வேலைக்கு இரட்டைக் கூலி. 'டீச்', 'வாட்ச்' போன்ற சொற்களில் அது 'டீச்சஸ்', 'வாட்சஸ்' என்று தனி அசையாக ஒலிக்கும்.

பாடநூல்கள் போதிய அளவு சொல்லாத ஒன்று, தமிழின் 'அவருக்கு' என்ற வடிவம். 'அவருக்கு 82 வயது', 'அவருக்கு நான்கு பிள்ளைகள்', 'அவருக்குக் கணக்கு நன்றாகத் தெரியும்', 'அவருக்குக் கோபம் வராது', 'அவருக்குக் கருப்பட்டிக் காப்பிதான் பிடிக்கும்'. ஒருவரைப் பற்றித் தமிழில் பேசினால் வாக்கியங்களில் கணிசமானவை இப்படித்தான் தொடங்கும். வயதும் பிள்ளைகளும் அறிவும் கோபமும் விருப்பமும் அவரிடம் வந்து சேர்பவை என்று தமிழ் பார்க்கிறது. ஆங்கிலமோ அவரையே எழுவாயாக்கி, அவற்றையெல்லாம் அவர் செய்வனவாகவோ உடையனவாகவோ ஆக்கிவிடுகிறது: 'ஷீ இஸ் 82', 'ஷீ ஹாஸ் ஃபோர் சில்ட்ரன்', 'ஷீ நோஸ் ஹர் அக்கவுன்ட்ஸ்', 'ஷீ நெவர் கெட்ஸ் ஆங்ரி', 'ஷீ லைக்ஸ் காஃபி வித் பாம் ஜாகரி'. இதை உணராதவர்கள் 'ஃபார் ஹர் 82 ஏஜ்' என்றும் 'டு ஹர் ஃபோர் சில்ட்ரன் ஆர் தேர்' என்றும் தொடங்கி நடுவழியில் நிற்கிறார்கள். வகுப்பில் நான் செய்யச் சொல்லும் ஒரே பயிற்சி, 'அவருக்கு' என்று தொடங்கும் பத்து வாக்கியங்களைத் தமிழில் எழுதி, ஒவ்வொன்றையும் 'ஷீ' என்று தொடங்கி மாற்றுவது. இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'ஹாஸ்', 'நோஸ்', 'லைக்ஸ்' ஆகியவை நிலையைக் குறிப்பவை. 'ஷீ இஸ் ஹேவிங் ஃபோர் சில்ட்ரன்', 'ஷீ இஸ் நோயிங்' என்று அவற்றைத் தொடர் வினையாக்கினால் தரமான ஆங்கிலத்தில் அது பிழையாகும்.

இப்போது காலத்துக்கு வருவோம். படர்க்கைப் பேச்சின் உயிர்நிலை இதுவே. மற்றவற்றைவிட இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. 'அழகப்பர் கோட்டையூர்க்காரர்' என்ற வாக்கியத்தில் வினையே இல்லை. அவர் 1957இல் மறைந்தார். ஆனாலும் இன்றைக்கும் அந்த வாக்கியத்தை அப்படியே சொல்லலாம். பெயரும் பெயரும் அருகருகே நிற்கும் தமிழ் வாக்கியத்துக்குக் காலம் கிடையாது. ஆங்கிலத்தில் அவ்விரண்டுக்கும் நடுவே 'இஸ்' அல்லது 'வாஸ்' கட்டாயம் வர வேண்டும். அதாவது, அந்த மனிதர் இருக்கிறாரா, இல்லையா என்பதை முதல் வாக்கியத்திலேயே நாம் முடிவு செய்து அறிவித்தாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தன் அப்பத்தாவைப் பற்றிப் பேச எழுந்தார். தேவகோட்டைப் பக்கத்துச் சிற்றூர். பழைய பெரிய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் அப்பத்தாவுடன் வளர்ந்தவர். 'மை அப்பத்தா இஸ் எ குட் குக்' என்று தொடங்கினார். இரண்டு நிமிடம் 'இஸ்', 'ஹாஸ்', 'மேக்ஸ்' என்று பிழையின்றிப் பேசினார். கடைசியில்தான், அவர் நான்கு மாதங்களுக்கு முன் காலமானார் என்று தெரிந்தது. வகுப்பில் ஒருவர், 'அப்படியானால் எல்லாம் வாஸ் ஆக வேண்டுமே' என்றார். இலக்கணப்படி அது சரி. அந்தப் பெண் சிறிது நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலை எடுத்து ஒவ்வொரு 'இஸ்' மேலும் கோடு இழுத்து 'வாஸ்' என்று எழுதத் தொடங்கினார். ஏழாவது இடத்தில் நிறுத்தி, 'இதையும் மாற்றணுமா சார்?' என்று கேட்டார். அது, 'ஷீ இஸ் மை ஃபாதர்ஸ் மதர்' என்ற வரி. மாற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை, இரண்டும் வழக்கில் உண்டு என்று சொன்னேன். அவர் அந்த ஒன்றை மட்டும் அப்படியே விட்டார்.

அதே பேச்சில் வேறொரு சிக்கலும் இருந்தது. அதுதான் தமிழர்க்கே உரியது. 'அப்பத்தா விடியற்காலையில் எழுவார், முற்றத்தில் தண்ணீர் தெளிப்பார், விளக்கேற்றுவார்' என்று பழக்கத்தைச் சொல்லத் தமிழில் எதிர்கால வடிவமே பயன்படுகிறது. 'அந்தக் காலத்தில்' என்ற ஒரு சொல்லை முன்னால் வைத்தால் அதே 'எழுவார்' இறந்தகாலப் பழக்கமாகிவிடும். இந்த வடிவத்தை அப்படியே 'வில்' என்று மாற்றி, 'ஷீ வில் கெட் அப் அட் ஃபோர்' என்று சொன்னால், கேட்பவர் அவர் நாளைக் காலை எழப் போவதாக எண்ணுவார். உயிரோடு இருப்பவரின் பழக்கமென்றால் 'ஷீ கெட்ஸ் அப் அட் ஃபோர்'. முன்பு இருந்து இப்போது இல்லாத பழக்கமென்றால் 'ஷீ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபோர்' அல்லது 'ஷீ வுட் கெட் அப் அட் ஃபோர்'. இவ்விரண்டுக்கும் இடையே நுட்பமான வேறுபாடு உண்டு. 'வுட்' திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கு மட்டும் பொருந்தும். அதுவும் எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முன்பே நிலைநாட்டப்பட்டிருந்தால்தான் இயல்பாக இருக்கும். நிலையைக் குறிக்க அது உதவாது. 'ரங்கூனில் வாழ்ந்துவந்தார்' என்பதற்கு 'ஹீ யூஸ்ட் டு லிவ் இன் ரங்கூன்' சரி. 'ஹீ வுட் லிவ் இன் ரங்கூன்' தவறு. நல்ல பேச்சாளர்கள் முதல் வாக்கியத்தில் 'யூஸ்ட் டு' வைத்துக் காலத்தை நிறுத்திவிட்டு, அடுத்தடுத்த செயல்களை 'வுட்' கொண்டு சொல்லிப் போவார்கள். இன்னும் ஒன்று: 'ஷீ யூஸ்ட் டு கோ டு த டெம்பிள் டெய்லி' என்று இன்றைய வழக்கத்தையே சொல்லிவிடுவது நம்மிடையே பரவலாக உள்ளது. அதைக் கேட்கும் ஆங்கிலக் காது, இப்போது போவதில்லை என்றே பொருள் கொள்ளும்.

'பிறந்தார்' என்பது தமிழில் தானே செய்யும் வினை. ஆங்கிலத்தில் அது செயப்பாட்டு வடிவில் 'வாஸ் பார்ன்' என்று வரும். 'ஹீ பார்ன்', 'ஹீ இஸ் பார்ன்' என்ற இரண்டுமே தவறு. கண்ணதாசன் 1927இல் சிறுகூடல்பட்டியில் பிறந்தார், பிறகு வேறொரு குடும்பத்துக்குச் சுவீகாரம் போனார் என்பதைச் சொல்ல 'ஹீ வாஸ் பார்ன்', 'ஹீ வாஸ் அடாப்டட்' என்று இரு செயப்பாட்டு வினைகளும் அடுத்தடுத்து வருவது மனத்தில் பதிய நல்ல எடுத்துக்காட்டு. அவர் 1981இல் சிகாகோவில் மறைந்தார் என்பதற்கு 'ஹீ டைட் இன் சிகாகோ இன் 1981' போதும். ஆண்டைச் சொல்லிவிட்டால் 'ஹாஸ் டைட்' வரக் கூடாது. 'ஹாஸ்' சேர்ந்த முற்றுநிலை, இன்னும் முடியாத ஒரு வாழ்க்கைக்கு உரியது: இன்றும் எழுதிவரும் கவிஞரைப் பற்றி 'ஷீ ஹாஸ் ரிட்டன் ஃபைவ் புக்ஸ்' என்றால், ஆறாவதுக்கு வழி திறந்திருக்கிறது. மறைந்தவரைப் பற்றி 'ஹீ ரோட்' என்றால் கணக்கு முடிந்துவிட்டது. 'எக்ஸ்பயர்ட்' என்ற சொல் நம் நாளிதழ் அறிவிப்புகளில் வழங்கினாலும், பிற நாட்டாருக்கு அது மருந்துச் சீட்டையும் அட்டையையும் நினைவூட்டும். 'டைட்' அல்லது 'பாஸ்ட் அவே' என்பதே தகும்.

கதையாகச் சொல்லும்போது வாக்கிய நீளம் சிக்கலாகிறது. கொண்டுவிக்கப் போன, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன, முன்னோர் ஒருவரைப் பற்றி இங்குள்ள பிள்ளைகள் இப்படிச் சொல்வார்கள்: 'சிறு வயதில் கப்பலேறி ரங்கூனுக்குப் போய், வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்து, கணக்குப் பழகி, அடுத்தாளாகி, யுத்தம் வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நடந்தே ஊர் திரும்பினார்.' பெட்டியடிப் பையன் என்றால் கடையில் தொழில் பழகும் சிறுவன்; அடுத்தாள் என்றால் கடையை நடத்துபவருக்கு அடுத்த நிலை உதவியாளர். பல எச்சங்களும் ஒரே முற்றும் கொண்ட இந்த வாக்கியம் தமிழில் மூச்சு வாங்காமல் ஓடுகிறது. ஒவ்வொரு எச்சத்தையும் 'ஹேவிங் கான்', 'ஹேவிங் லேர்ன்ட்' என்று மாற்றினால் ஆங்கிலத்தில் அது நீதிமன்ற ஆவணம்போல் இறுகிவிடும். இங்கே எச்சங்களை முற்றுகளாக்கி, மூன்று நான்கு வாக்கியங்களாக உடைக்க வேண்டும்: 'ஹீ செய்ல்ட் டு ரங்கூன் ஆஸ் எ பாய். ஹீ வொர்க்ட் இன் எ மணிலெண்டர்ஸ் ஷாப் அண்ட் லேர்ன்ட் டு கீப் அக்கவுன்ட்ஸ். தென் த வார் கேம், அண்ட் ஹீ வாக்ட் ஹோம்.' ரங்கூன் 1942 மார்ச்சில் ஜப்பானியர் கைக்குப் போனது. அதற்கு முன்பே அவர் புறப்பட்டுவிட்டார் என்றால், 'பை தென் ஹீ ஹாட் லெஃப்ட்' என்று முந்தைய இறந்தகாலம் ஒருமுறை வரலாம். மற்றபடி நடந்த வரிசையிலேயே சொல்லிப்போனால் 'ஹாட்' தேவையே படாது.

ஒரு பேச்சில் இரண்டு பேர் வந்துவிட்டால் ஆங்கிலம் மேலும் தடுமாற வைக்கும். 'அழகப்பர் தன் வீட்டைக் கொடுத்தார்' என்றால் தமிழில் யார் வீடு என்பதில் ஐயமில்லை. 'அவருடைய வீட்டை' என்றால் வேறொருவர் வீடாகவும் இருக்கலாம். இந்தத் 'தன்', 'தான்' என்ற அரிய வசதி ஆங்கிலத்தில் இல்லை. இரண்டுக்கும் 'ஹிஸ்' ஒன்றே. எனவே இருவர் இருக்கும் இடத்தில் பெயரையே மீண்டும் சொல்ல வேண்டும். 'ஹிஸ் ஓன் ஹவுஸ்' என்று அழுத்தவும் செய்யலாம். 'தான் வருவதாகச் சொன்னார்' என்பதை 'ஹீ டோல்ட் தட் ஐ வில் கம்' என்று சொல்வது, பேச்சாளரே வரப் போவதாக ஆக்கிவிடுகிறது. 'ஹீ செட் தட் ஹீ வுட் கம்' என்பதே சரி. 'டோல்ட்' வந்தால் யாரிடம் சொன்னார் என்பதும் உடன் வந்தாக வேண்டும்: 'ஹீ டோல்ட் மை ஃபாதர்.'

தொழிலைச் சொல்லும்போது 'ஷீ வாஸ் டீச்சர்' என்று நின்றுவிடாமல் 'எ டீச்சர்' என்பதும், ஊரிலேயே ஒருவர்தான் என்றால் 'த ஒன்லி டாக்டர்' என்பதும் பழக்கத்தில் படிந்துவிடும். நம்முடைய 'இல்' என்ற ஒரே உருபு ஆண்டுக்கும் ஊருக்கும் 'இன்' ஆகவும், தேதிக்கு 'ஆன்' ஆகவும் பிரியும்: 'இன் 1909', 'ஆன் 6 ஏப்ரல் 1909', 'இன் கோட்டையூர்'. 'அப்ராட்' முன்னால் 'டு' வேண்டாம்.

கடைசியாக, பெயரெச்சம். 'கல்லூரி கட்டிய அழகப்பர்' என்று தமிழ் செயலை முன்னால் வைத்து மனிதரைப் பின்னால் கொண்டு வருகிறது. ஆங்கிலத்தில் மனிதர் முதலில் வந்து நிற்க, செயல் 'ஹூ' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும்: 'அழகப்பர், ஹூ பில்ட் த காலேஜ்'. பெயர் தெரிந்த ஒருவர் என்பதால் 'ஹூ' முன்னால் எழுத்தில் காற்புள்ளியும் பேச்சில் சிறு நிறுத்தமும் வேண்டும். 'த மேன் ஹூ ஹீ பில்ட்' என்று 'ஹூ'வையும் 'ஹீ'யையும் சேர்த்துச் சொல்வது, முன்னர்க் கண்ட 'எழுவாய் கட்டாயம்' என்ற பாடத்தை அளவுக்கு மீறிக் கற்றதன் விளைவு; 'ஹூ' என்பதே அங்கே எழுவாய். பொருளுக்கு 'விச்' அல்லது 'தட்' வரும். பொருளுக்கு உரிய செயலை வேறொருவர் செய்திருந்தால் அந்த இணைப்புச் சொல்லைக்கூட விட்டுவிடலாம்: 'அவர் முடைந்த கொட்டான்' (ஓலைக் கூடை) என்பதற்கு 'த கொட்டான் ஷீ மேட்' போதும்.

இந்த எடுத்துக்காட்டு அந்த மாணவியுடையது. இரண்டு வாரம் கழித்து அதே பேச்சை அவர் மீண்டும் பேசினார். எழுவாய்கள் அனைத்தும் இடத்தில் இருந்தன. 'வில்' ஒன்றுகூட இல்லை. பனையோலைக் கொட்டான் ஒன்றைக் கையோடு கொண்டு வந்து மேசைமேல் வைத்திருந்தார். விளிம்பில் சிவப்புச் சாயம் வெளுத்திருந்தது. 'மை அப்பத்தா வாஸ் எ குட் குக்' என்று தொடங்கியவர், முடிக்கும்போது கொட்டானைத் தூக்கிக் காட்டி, 'த கொட்டான்ஸ் ஷீ மேட் ஆர் ஸ்டில் இன் அவர் ஹவுஸ்' என்றார். அப்பத்தா மறைந்தவர் என்பதால் 'மேட்'. கொட்டான்கள் வீட்டில் இருப்பதால் 'ஆர்'.